உளவாளி வீடு திரும்பும் காட்சி

பன்னிரண்டு வருடமாக அவள் டிவியில் வரும் ஒரு கார்ட்டூன் குடும்பத்துக்கு அம்மா. அப்பாவுக்குக் குரல் கொடுத்தவர் அவள் கணவர். வீட்டில் வாயே திறக்காத மனுஷன், மைக் முன்னால் நின்றால் ஊரைக் கூட்டிவிடுவார். இருவரும் சேர்ந்து நின்று பேசியதே கிடையாது. காலையில் அவர் தனியாகப் பேசிவிட்டுப் போவார். மதியம் அவள் ஹெட்போனில் அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுப் பதில் சொல்வாள். வீட்டுச் சண்டையின் மிச்சத்தை இங்கேதான் முடிக்கிறார்கள் என்று ஸ்டூடியோவில் கேலி பேசுவார்கள்.

அவர் இறந்து ஐந்து வாரம் ஆகிறது. கடைசியாக அவர் பேசி வைத்த ஒரு எபிசோடு மட்டும் பாக்கி. உளவாளிப் படங்களை நக்கலடிக்கும் கதை. அசட்டு அப்பா உளவாளியாகி, குண்டுவெடிப்பில் செத்ததாக நாடகமாடி, ஒட்டுமீசையோடு தன் வீட்டுக் கதவையே தட்டுகிறார். ஆள் தெரியாத அம்மா சொல்ல வேண்டியது: "என் புருஷன் செத்துட்டாருங்க."

ஹெட்போனை மாட்டியதும் அவர் தொண்டையைச் செருமினார். இந்த அறையில் அவர் எப்போதுமே வெறும் குரல்தான். அதனால் இங்கே மட்டும் அவர் சாகவேயில்லை.

"வீட்டுக்காரர் இல்லையாம்மா?" என்றார் மீசைக்காரர்.

"வெளில போயிருக்காருங்க" என்றாள்.

வசனம் அது இல்லை என்று ஒலிப்பதிவாளர் பக்குவமாகச் சொன்னார். மறுமுறையும் அதேதான் வந்தது. அதற்கடுத்த முறையும். தாளில் கொட்டை எழுத்தில் இருக்கிறது, வாய் முரண்டு பிடிக்கிறது. துக்கம் கேட்க வந்தவர்களிடம்கூட அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"இன்னிக்கு முடிக்கலேன்னா வேற ஆளைப் போடச் சொல்றாங்கக்கா" என்றார் ஒலிப்பதிவாளர், தயங்கித் தயங்கி.

வேறொருத்தி தன் புருஷனுக்குப் பதில் சொல்வதா? அவளுக்குச் சுருக்கென்றது. அடுத்த முறை சொல்லிவிட்டாள். உதட்டசைவுக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. உடனே கணவரின் குரல் தணிந்து காதுக்குள் வந்தது.

"அடியே, நான்தான். இங்கதான் இருக்கேன், பாரு."

அவள் திரும்பிப் பார்த்தாள். சுவர்தான் இருந்தது.

பிரமாதம் என்றார் ஒலிப்பதிவாளர். அப்பாவுக்கு அதோடு வசனம் முடிந்தது. இனி அம்மா மட்டும்தான்.

"சரியா வரல தம்பி. இன்னொரு தடவை போடுங்க" என்றாள்.

சரியாகத்தான் வந்திருந்தது என்று ஒலிப்பதிவாளருக்குத் தெரியும். காட்சியைப் பின்னால் ஓட்டினார். அந்த ஒரு பதிலுக்காக, சொல்லவே வராத அந்த வசனத்தை அவள் சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.