அடிக்கட்டையில் இருந்த இரும்பு

மில்லுக்கு மரம் கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கட்டையில் இரும்பு ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. துணிக்கொடி கட்டுவதற்காக எப்போதோ அடித்த ஆணியை மரம் பட்டையால் மூடி உள்ளே இழுத்துக்கொள்ளும். அடித்தவருக்கே அது மறந்துபோயிருக்கும். தெரிந்தே மறைப்பவர்களும் உண்டு. உண்மையைச் சொன்னால் கட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவேனோ என்ற பயம் அவர்களுக்கு. வைத்திக்குப்பத்திலிருந்து வந்த ஒரு கட்டைக்குள் படகுக் கயிறு கட்டுகிற வளையம் முழுசாக இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்குகிற ஒரு பெரியவர், தன் வீட்டு மாமரத்தில் குண்டூசிகூடக் கிடையாது என்று தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அறுத்தபோது உள்ளே ஊஞ்சல் கொக்கி இருந்தது.

மரம் அறுக்கிற பேண்ட் சா மிஷின் ஓடுகிற வேகத்தில் ஒரு ஆணித்தலை பட்டால் போதும், பிளேடின் பற்கள் கொட்டிவிடும். சில நேரம் பிளேடே அறுந்து வெளியே வீசும். அதனால் வருகிறவர் என்ன சொன்னாலும் சரி, கட்டையின் மேல் மெட்டல் டிடெக்டரை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மிஷினில் ஏற்றுவோம். வில்லியனூர் ரோட்டில் இருக்கும் இந்த மில் அப்பா ஆரம்பித்தது. அவர் படுக்கையில் விழுந்த பிறகு நான் வந்து உட்கார்ந்தேன். வருகிறவர்களின் வாக்கை நம்பக்கூடாது என்பதுதான் இங்கே நான் கற்றுக்கொண்ட முதல் பாடம். அதில் எனக்கு வருத்தமும் இருந்ததில்லை. தொழில் அப்படி.

நானே வாக்குக் கொடுத்தது ஒரே ஒரு கட்டைக்குத்தான். அது எங்கள் வீட்டுப் பூவரசு.

கதிர்காமத்தில் நானும் என் கணவரும் வீடு வாங்கியபோதே அந்த மரம் பின்கட்டில் நின்றது. இருவர் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற பருமன். என் தொழில் இது என்பதால் அதில் ஒரு ஆணி அடிக்க நான் யாரையும் விட்டதில்லை. துணி காயப்போடும் கொடியைச் சுவரிலிருந்து சுவருக்குத்தான் கட்டினேன். மகள் சின்னவளாக இருந்தபோது ஊஞ்சல் கேட்டாள். கிளையில் கோணி சுற்றி, அதன் மேல் கயிறு போட்டுக் கொடுத்தேன்.

கணவருக்கு ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. ஓய்வு பெறும் வயது நெருங்க நெருங்க, பின்கட்டில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடவேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருப்பதால் நோயாளிகளோடு வருகிறவர்கள் தங்க இடம் தேடி எங்கள் தெருவில் அலைவார்கள். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அறை கட்டினால் மரம் போகும். நான் மாட்டேன் என்றேன். அவர் விடாமல் கேட்டார், நானும் விடாமல் மறுத்தேன். ஒரு நாள், "சரி, உனுக்குப் புடிக்கலன்னா வுட்டுடு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மனைவியின் பேச்சுக்கு இப்படி மதிப்புக் கொடுக்கிற மனிதர் எத்தனை பேருக்குக் கிடைப்பார் என்று காரைக்காலில் இருக்கும் என் தங்கையிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் மரத்தின் இலைகள் பழுக்க ஆரம்பித்தன. முதலில் பார்த்தது அவர்தான். "மேல இலையெல்லாம் மஞ்சளா இருக்குது பாரு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு நுனிக் கிளைகள் காய்ந்தன. பூ நின்றுபோனது. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் நான் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவேன். அவரும் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து பாதிக் குடங்களைச் சுமப்பார். வேப்பம்புண்ணாக்கு வாங்கி வந்து வேரைச் சுற்றிக் கொத்திப் போட்டார். நர்சரியிலிருந்து ஒருவரை அழைத்து வந்தார். வந்தவர் வேர் அழுகலாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசி இலையும் விழுந்த பிறகு நான் மரத்தடியில் நின்று அழுதேன். அவர் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்து, அதுக்கு வயசாகிவிட்டது, நம்மால் முடிந்ததைச் செய்துவிட்டோம் என்றார்.

பட்ட மரத்தை வெட்டத்தான் வேண்டியிருந்தது. மகளுக்கு ஒரு கட்டில் செய்யலாம் என்று எனக்கு எண்ணம். மேல் பாகத்தை மில்லுக்கு எடுத்துப்போ, அடிக்கட்டை பொத்தலாக இருக்கும், அதை வெட்டுகிறவர்களிடமே விறகுக்குக் கொடுத்துவிடு என்று அவர் சொன்னார். பூவரசில் வைரம் பாய்ந்திருப்பது அடியில்தான். அவருக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு, அவர் வேலைக்குப் போன பிறகு அதையும் வண்டியில் ஏற்றிவிட்டேன்.

மில்லில் மிஷின் ஓட்டுகிறவர் அப்பா காலத்திலிருந்து எங்களோடு இருப்பவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கட்டை இறங்கியதும் வழக்கம்போல டிடெக்டரை எடுத்தார்.

"அது வேணாம். இது என் வூட்டு மரம். இதுல ஒரு ஆணி கெடையாது, நான் சொல்றேன்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே அதைத் திரும்ப மாட்டினார்.

மேல்கட்டை நன்றாக அறுபட்டது. பலகை ஒவ்வொன்றும் கருஞ்சிவப்பாக விழுந்தது. அதன் பிறகு அடிக்கட்டையை ஏற்றினார்கள். பாதி போயிருக்கும், பெரிய சத்தம் கேட்டது. ஆணியில் பட்டால் கிறீச்சென்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அடங்கும். இது அப்படியில்லை. சம்மட்டியால் அடித்ததுபோல் ஒரு அடி, தீப்பொறி, உடனே பிளேடு அறுந்தது. மிஷின்காரர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முழங்கைக்குக் கீழே சதை நீளமாகக் கிழிந்திருந்தது.

ஆட்டோவில் வைத்துக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லித் தையல் போட்டார்கள். முடிந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அவர் என்னைப் பார்க்காமல், "நீங்க சொன்னீங்களேன்னுதாங்க்கா ஏத்துனேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அங்கிருந்தே கணவருக்கு போன் செய்தேன். நம் கட்டையில் இரும்பு இருந்தது, பிளேடு போய்விட்டது, மிஷின்காரருக்குக் கையில் அடி என்றேன். அவர், "அடிக்கட்டையவா அறுத்தீங்க? அத வெறகுக்குத்தான குடுக்கச் சொன்னேன்" என்றார். அந்தப் பதற்றத்தில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை அந்தக் கட்டையை ஆப்பு அடித்துப் பிளக்கச் சொன்னேன். என் வாக்கைப் பொய்யாக்கியது எது என்று எனக்குத் தெரிந்தாகவேண்டும். பழைய வீட்டுக்காரர் அடித்த ஆணியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். பழைய இரும்பாக இருந்தால் சுற்றிலும் மரம் மை கொட்டியதுபோல் கறுத்திருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. பளபளவென்று ஒரு முறுக்குக் கம்பி, விரல் நீளம். டிரில் மிஷினில் மாட்டுகிற பிட், உடைந்து உள்ளேயே நின்றுபோனது. அது நின்ற துளை மண்ணுக்குப் பக்கத்திலிருந்து சாய்வாக உள்ளே இறங்கியிருந்தது. கட்டையைச் சுற்றிவந்து பார்த்தேன். அதேபோல் வேறு துளைகளும் இருந்தன. ஒவ்வொன்றிலும் குச்சியைச் செருகி, வெளியே களிமண் பூசியிருந்தது. துளைகளிலிருந்து மேல்நோக்கிப் பழுப்பாக ஒரு சாவு ஏறியிருந்தது. முந்தின நாள் அவர் போனில் கேட்டது அப்போதுதான் எனக்குக் கேட்டது. எந்தக் கட்டையில் இரும்பு இருந்தது என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.

சாயங்காலம் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பிட்டை எதிரில் வைத்தேன். இது என்ன என்று அவர் கேட்கவில்லை.

"ஒடஞ்சி உள்ளயே நின்னுபோச்சி. புடுங்கிப் பாத்தேன், வரல" என்றார்.

எப்போது என்று கேட்டேன். தங்கை மகளுக்குக் காது குத்துகிறார்கள் என்று நான் காரைக்கால் போயிருந்தபோது என்றார். துளை போட்டுக் களைக்கொல்லியை ஊற்றினாராம். எத்தனையோ முறை கேட்டும் நீ இறங்கி வரவில்லை, சண்டை வேண்டாம் என்றுதான் இப்படிச் செய்தேன், யாருக்காகச் செய்தேன், குடும்பத்துக்காகத்தானே என்றார். ஒரு மரத்துக்கு இவ்வளவா என்றும் கேட்டார்.

மரத்தைப் பற்றி நான் பேசவே இல்லை. "எங்கூட சேந்து தண்ணி ஊத்துனீங்களே, அது எதுக்கு?" என்றேன்.

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ தனியா தூக்கினு வந்து ஊத்தினு இருந்த. பாக்கக் கஷ்டமா இருந்துச்சி" என்றார்.

அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கவேண்டும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. செத்துக்கொண்டிருப்பது தெரிந்தே குடத்தைத் தூக்கியிருக்கிறார். நர்சரிக்காரர் வேரைக் கிளறும்போது பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறார். நான் அழுதபோது என் தோளில் இருந்த கையும் அந்த டிரில்லைப் பிடித்த கைதான். ஒரு வருஷம் முழுக்க ஒரே துக்கத்தை இருவரும் சுமக்கிறோம் என்று நான் நம்பியிருந்தேன்.

மிஷின்காரரிடம் நடந்ததைச் சொல்லவேண்டியிருந்தது. சொல்லாவிட்டால் நான்தான் தெரிந்தே பொய் சொன்னேன் என்றாகும். அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "வூட்டு விஷயம், எங்கிட்ட எதுக்குக்கா" என்று பேச்சை முடித்துவிட்டார். காயம் ஆறியதும் வேலைக்குத் திரும்பினார். இப்போது நான் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறார், பிறகு டிடெக்டரை எடுத்து ஓட்டுகிறார். அது சரிதான்.

கட்டில் செய்யவில்லை. பலகைகளை ஒரு ஃபர்னிச்சர்காரருக்குக் கொடுத்துவிட்டேன். பின்கட்டில் அறைகள் கட்டியாயிற்று. இனி எதைக் காப்பாற்றுவதற்காக மறுப்பது என்று தோன்றி, கட்டுங்கள் என்று நானே சொன்னேன். விழுப்புரத்துப் பக்கமிருந்தும் கடலூர்ப் பக்கமிருந்தும் வருகிறவர்கள் தங்குகிறார்கள். பாவப்பட்ட மனிதர்கள். அவர்களால் சமைக்க முடியாத நாளில் நான் குழம்பு கொடுத்தனுப்புவேன்.

நாங்கள் பிரியவில்லை. பெரிய சண்டையும் வரவில்லை. மகளிடம் நான் சொல்லவில்லை, அவரும் சொல்லியிருக்கமாட்டார். ஒன்று மட்டும் மாறிவிட்டது. படுக்கப் போகும்போது கேஸை மூடிவிட்டேன் என்பார் அவர். நான் எழுந்து போய்ப் பார்ப்பேன். மூடித்தான் இருக்கும். மோட்டாரை நிறுத்திவிட்டேன் என்பார். அதையும் போய்ப் பார்ப்பேன். நான் போவதை அவர் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார்.