சரிபார்த்தேன் என்று போட்ட டிக்

அவருடைய பதவிக்குப் பெயர் லேசர் பாதுகாப்பு அதிகாரி. அந்தப் பல்கலைக்கழகத்தில் வாய் வலிக்க அப்படிக் கூப்பிட்டவர் யாருமில்லை. "கதவு சார்" என்றுதான் சொல்வார்கள்.

மூன்று கட்டடங்களில் நாற்பத்தோரு லேசர் அறைகள் இருந்தன. ஒவ்வொரு கதவிலும் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. கதவு திறந்த உடனே உள்ளே லேசர் தானாக அணைந்துவிட வேண்டும். அணைகிறதா என்று பார்க்க அவர் கதவைத் திறப்பார். அணைந்துபோன மெஷின் மறுபடி சூடேறி ஒரு நிலைக்கு வர ஒரு மணி நேரமாவது ஆகும். அதனால் அவர் தலை தெரிந்தாலே உள்ளே இருப்பவர்களுக்கு முகம் சுண்டிப்போகும்.

"சார், இன்னைக்கு மட்டும் விட்டுருங்க சார். மூணு நாள் அழுதுட்டு இப்பத்தான் தூங்குது," என்று மெஷினைக் காட்டிக் கெஞ்சுவான் ஒருவன்.

"தூங்குறதை எழுப்பிவிடத்தானப்பா என்னைய வச்சிருக்காங்க," என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறப்பார்.

அப்படி இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. வயது ஐம்பத்தாறு. முழங்கால் இரண்டும் படியைக் கண்டாலே முனகும். காலையில் கும்பிடும்போது அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். 'ஆண்டவனே, இன்னைக்கு யார் கண்ணுக்கும் ஒண்ணும் ஆகாம பாத்துக்க.' வேறு எதுவும் கேட்கத் தோன்றியதில்லை.

புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் அவர் வேலை. "ரூமுக்குத் தலைவர் உங்க பேராசிரியர். உள்ள எது நடந்தாலும் முதல் பொறுப்பு அவருக்கு. லேசரைத் தொடுறது நீங்க. சொன்ன கண்ணாடியப் போடணும், சொன்னபடி செய்யணும், அது உங்க பொறுப்பு. இது ரெண்டும் நடக்குதான்னு பாக்கணும், நடக்கலைன்னா ரூமைப் பூட்டணும். அது என் பொறுப்பு." இதைக் கேட்கும்போது பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். அவரும் கொட்டாவியை அடக்கிக்கொண்டுதான் சொல்வார்.

பதினேழாம் அறையில் இருந்த லேசர் கண்ணுக்குத் தெரியாத சாதி. மேசை மேல் ஓடிக்கொண்டே இருக்கும், பார்த்தால் ஒன்றும் இருக்காது. அதற்கென்று தனிக் கண்ணாடி உண்டு. லேசான பச்சை நிறம், போட்டால் எதிரே இருப்பவர் முகம் நன்றாகத் தெரியும். பக்கத்துப் பதினெட்டாம் அறையில் இருப்பது பச்சை லேசர். அதன் கண்ணாடி அடர்த்தியான ஆரஞ்சு. இதற்கு அது உதவாது, அதற்கு இது உதவாது. எந்த ஒளியைத் தடுக்கும் என்று ஒவ்வொரு கண்ணாடியின் ஓரத்திலும் எறும்பு ஊர்ந்தமாதிரி எண் போட்டிருக்கும்.

பதினேழாம் அறையில் ஐந்து வருஷமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். காலையில் முதலில் வந்து விளக்குப் போடுவதும் அவள்தான், கடைசியில் அணைத்துவிட்டுப் போவதும் அவள்தான். அதனால் அவளுக்கு "வாட்ச்மேன்" என்றே பெயர் வைத்திருந்தார்கள். அன்றைக்கும் காலையில் தனியாக வந்து, வாசல் பெட்டியில் இருந்த கண்ணாடிகளில் கையில் முதலில் அகப்பட்ட அடர்த்தியான ஒன்றை மாட்டிக்கொண்டாள். இருட்டாக இருந்தால் பாதுகாப்பு அதிகம் என்று யாருக்கும் தோன்றுவதுதானே. குனிந்து, மேசை மேல் ஒளியைத் திருப்பிவிடும் ஒரு சின்ன ஆடியின் திருகை முறுக்கினாள். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் லேசரின் குறுக்கே வந்து, ஒளி அதில் பட்டுத் தெறித்தது. இடது கண்ணுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டதாம். வலி இல்லை. அதற்கப்புறம் எங்கே பார்த்தாலும் நடுவில் ஒரு பட்டாணி அளவுக்குக் கரும்புள்ளி.

கண் மருத்துவர் சொன்னார், புள்ளி கொஞ்சம் சுருங்கலாம், முழுக்கப் போகாது என்று.

விஷயம் தெரிந்த அன்றே கதவு சார் போய் அறையைப் பூட்டிவிட்டார். அதில் குறை சொல்ல முடியாது. அறிக்கை எழுத உட்கார்ந்தபோதுதான் கை நின்றது. ஆறு மாதத்துக்கு முன்னால் போட்ட சோதனைத் தாளை எடுத்துப் பார்த்தார். 'அறை 17. கண்ணாடிகள்: ஆறு. எண்கள் சரிபார்க்கப்பட்டன.' பக்கத்தில் ஒரு டிக். கீழே அவர் கையெழுத்து.

எண்களை அவர் பார்க்கவில்லை.

அன்றைக்கு நடந்தது அவருக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. காலையிலிருந்து பதினாறு அறை முடித்திருந்தார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. படிக்கிற கண்ணாடியைக் கீழ்மாடியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். பெட்டியைத் திறந்து, உறைகளைப் பிரிக்காமலே ஒன்று, இரண்டு என்று ஆறு வரை எண்ணினார், மூடினார், டிக் போட்டார். உட்காரக்கூட இல்லை.

மூன்றாம் நாள் பதினெட்டாம் அறையில் போய்த் தேடினார். அங்கே பெட்டிக்கு அடியில் பதினேழாம் அறையின் வெளிர்ப்பச்சைக் கண்ணாடி ஒன்று கிடந்தது.

"அதுவா சார்? எட்டு மாசம் முன்னாடி விருந்தாளிங்க வந்தாங்கள்ல, அப்ப கண்ணாடி பத்தலைன்னு அந்த ரூம்ல வாங்கினோம். திருப்பிக் குடுக்கும்போது மாறிப் போச்சு போல," என்றான் அங்கே வேலை செய்கிறவன், சாதாரணமாக.

எட்டு மாதம் முன்னால். அப்படியானால் அவர் டிக் போட்ட அன்றைக்கே தப்புக் கண்ணாடி அந்தப் பெட்டியில்தான் இருந்தது. ஒரு நிமிஷம் உட்கார்ந்து ஓரத்தைப் படித்திருந்தால் போதும். அவர் அந்தக் கண்ணாடியைத் துணியில் சுற்றித் தன் மேசை டிராயரில் வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குள் பேராசிரியர் ஒரு கடிதம் எழுதிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் விசாரணை என்றால் யாருக்கும் பயம்தான். 'பெட்டியில் இருந்த கண்ணாடிகள் சரியானவை என்று பாதுகாப்பு அதிகாரியே சான்று கொடுத்திருக்கிறார். எனவே மாணவி வெளியிலிருந்து தவறான கண்ணாடியைக் கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும். இப்படி அஜாக்கிரதையாக இருப்பவரை ஆய்வகத்தில் வைத்துக்கொள்ள முடியாது.' ஒன்பதாம் நாள் பாதுகாப்புக் குழு கூடுவதாக ஏற்பாடு. அங்கே அவளுடைய ஐந்து வருஷமும் போய்விடும் போலிருந்தது.

கதவு சார் போட்ட ஒரு டிக் அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில் காலையில் கும்பிட நின்றால் வாயில் வார்த்தை வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? கையை மட்டும் கூப்பிவிட்டு வந்துவிடுவார்.

எட்டாம் நாள் சாப்பிடும்போது அவர் மனைவி பொறுக்க மாட்டாமல் கேட்டாள். "ஒரு வாரமா தட்டுல விரலால எழுதி எழுதி அழிக்கிறீங்க. என்னன்னு சொல்லித் தொலைங்க."

சொன்னார். முழுக்கச் சொன்னார்.

"சொன்னா வேலை போயிருமா?"

"போகலாம். இன்னும் நாலு வருஷம் இருக்கு."

"நீங்க வீட்டுல இருந்தா என் பாடு திண்டாட்டம்தான். ஃபிரிட்ஜ் கதவைக்கூட விளக்கு அணையுதான்னு பத்துத் தடவை திறந்து பாப்பீங்க." அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. "அந்தப் பொண்ணு கண்ணும் போய், படிப்பும் போயி வீட்டுக்குப் போகணுமா? போய்ச் சொல்லிட்டு வாங்க. வர்றதைப் பாத்துக்கலாம்."

மறுநாள் கூட்டம். நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். குழுவின் தலைவியம்மா வேதியியல் பேராசிரியை. கறாரானவர். அந்தப் பெண் மூலையில் உட்கார்ந்திருந்தாள். யாராவது பேசினால் முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பித்தான் பார்த்தாள். புள்ளியைத் தாண்டிப் பார்க்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

"நான் யாரையும் குத்தம் சொல்லலைங்க. தாள் சொல்லுது," என்றார் பேராசிரியர்.

"தாள் பொய் சொல்லுதுங்க," என்றார் கதவு சார்.

எல்லாரும் திரும்பினார்கள். அவர் எழுந்தார். எழும்போது முழங்கால் சத்தம் போட்டது. துணியைப் பிரித்து அந்த வெளிர்ப்பச்சைக் கண்ணாடியை மேசை மேல் வைத்தார்.

"இது பதினெட்டாம் ரூம்ல இருந்தது. எட்டு மாசமா அங்கதான் இருக்கு. இதுக்குப் பதிலா அந்த ரூம் ஆரஞ்சு ஒண்ணு பதினேழாம் ரூம் பெட்டிக்குள்ள வந்துருச்சு. நான் எண்ணிக்கைய மட்டும்தான் பாத்தேன். எண்ணைப் படிக்கலை. படிச்சேன்னு டிக் போட்டேன். அந்தம்மா வெளிய இருந்து எதையும் கொண்டு வரலை. போட்டதுல எண் பாக்காதது அவங்க தப்பு, இல்லைங்கலை. ஆனா பாத்துட்டேன்னு நான்தான எழுதிக் குடுத்திருக்கேன்."

தலைவியம்மா கண்ணாடியைக் கையில் எடுத்து, தன் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஓரத்து எண்ணைப் படித்தார். பிறகு பேராசிரியரைப் பார்த்தார். "உங்க ரூம் கண்ணாடி எட்டு மாசமா பக்கத்து ரூம்ல இருந்திருக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

பேராசிரியர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினார். "தெரிஞ்சிருக்கணும்," என்றார் மெதுவாக.

முடிவு அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். பேராசிரியரின் கடிதம் தள்ளப்பட்டது, பெண் படிப்பைத் தொடரலாம், அவளுக்குக் கூடுதலாக ஒரு வருஷம். அறையின் பொறுப்பைப் பேராசிரியர் எழுத்தில் ஏற்க வேண்டும், அதுவரை பூட்டு திறக்காது. கதவு சாருக்கு வேலை போகவில்லை. ஆனால் அவர் ஒருவர் கையெழுத்து மட்டும் இனி போதாது, கூட இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நாற்பத்தோரு அறையையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

வெளியே வராந்தாவில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். நன்றி சொல்ல நிற்கிறாள் என்று நினைத்து அவருக்குக் கூசியது.

"எப்ப சார் தெரியும் உங்களுக்கு?"

"எண்ணைப் படிக்காம டிக் போட்டது அன்னைக்கே தெரியும்மா. கண்ணாடி கிடைச்சது மூணாம் நாள்."

"அப்ப ஆறு நாள்," என்றாள். குரல் உயரவில்லை. "அந்த ஆறு நாளும் எங்கயிருந்து அந்தக் கண்ணாடிய எடுத்தேன்னு நானே யோசிச்சிட்டு இருந்தேன் சார். எனக்குப் புத்தி பிசகிருச்சோன்னு பயந்துட்டேன். எங்க அம்மாகிட்ட தப்பு என் மேலதான்னு சொல்லிட்டேன்."

பயம் என்று சொல்லலாம், வயசு என்று சொல்லலாம். அவர் பேனாவை எடுத்தார்.

"அம்மா நம்பர் குடும்மா," என்றார். "தப்பு யாருதுன்னு நானே சொல்றேன்."

அவள் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி அவரை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் சட்டைப் பையிலிருந்து படிக்கிற கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குறித்துக்கொண்டார். குறித்ததைத் திரும்ப வாசித்துக் காட்டினார்.

"சரிதான் சார்," என்றாள் அவள்.