தலையைச் சொறியாதே

காலை பத்து நாற்பதுக்குத்தான் தலையணை உறையில் அந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தேன்.

2008 வாக்கில் மாமல்லபுரம் சாலையிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் நான் ஆக்சிஜன் சேம்பர் ஆபரேட்டர். சேம்பர் என்பது ஆள் படுக்கும் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே அழுத்தம் ஏற்றிய ஆக்சிஜன். ஆறாத புண்ணுக்குக் கொடுப்பார்கள். எண்ணெய்ப் பசை மட்டும் ஆகவே ஆகாது. முடி உரசுவதில் வரும் ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். அதனால் உள்ளே போகிறவர்களின் தலையை முகர்ந்து பார்ப்பதுதான் என் முதல் வேலை. முந்தின நாள்கூட, கால் புண்ணோடு வந்த புதுப்பட்டினம் மீன் வியாபாரி ஏழுமலையை மூன்று தடவை சீயக்காய் போட்டுத் தலை அலச வைத்தேன்.

அன்று உள்ளே படுத்திருந்தது என் மகன் பிரபு. செய்யூர் பக்கம் பைக்கிலிருந்து விழுந்து குதிகால் தோல் உரிந்துவிட்டது. அவன் ரத்தத்தையே எடுத்து, மெஷினில் சுற்றி, மேலே தெளிந்ததை ஜெல்லாக்கிப் புண்ணில் வைத்து, அதன்மேல் தொடைத் தோலை ஒட்டியிருந்தார் டாக்டர். ஓரம் கறுக்கத் தொடங்கியதும் பத்துத் தடவை ஆக்சிஜன் எழுதினார். ஒட்டாவிட்டால் பாதத்தில் பாதியை எடுக்க வேண்டிவரும் என்றார். அன்று எட்டாவது தடவை.

கண்ணாடி வழியாகக் கறையைப் பார்த்ததும் மைக்கில் கேட்டேன். "யார்டா தலைல எண்ணெய் வெச்சது?"

"நீதாம்மா. காலைல."

உண்மைதான். வார்டில் தேங்காய் நாராகக் கிடந்த முடியைப் பார்க்கப் பொறுக்காமல் ஆறு மணிக்கு ஒரு கை தடவினேன், அம்மாவாக. பத்து மணிக்கு ஆபரேட்டராக முகர்ந்து பார்க்கவில்லை. என் பிள்ளைதானே!

கதவை உடனே திறக்க முடியாது. அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால் காதும் நுரையீரலும் கெட்டுவிடும். நிதானமாக வால்வைத் திருப்பினேன்.

"அசையாத. தலையைச் சொறியாத."

"ஐயோ, நீ சொன்ன உடனேதாம்மா அரிக்குது."

"சொறிஞ்ச, கொன்னுடுவேன்."

"அதுக்குத்தான எண்ணெய் வெச்ச?"

முறைக்காகக் காத்திருந்த ஏழுமலை எழுந்து வந்து கண்ணாடியை எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், சீயக்காய் எனக்கு மட்டும்தானா? உங்க வூட்டுப் புள்ளைக்கு வேற ரூல்ஸா கீது?"

அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு வந்தது. கதவைத் திறந்ததும் பிரபு இரண்டு கையாலும் தலையைச் சொறிந்தான். இன்றும் தேங்காய் எண்ணெய் வாசனை வந்தால் என் விரல் வால்வைத் தேடுகிறது.

அப்புறம்தான் டாக்டர் வந்தார். ஒன்று விடாமல் சொன்னேன். அவர் டிரெஸ்ஸிங்கைப் பிரித்து, ஒட்டிய தோலை அழுத்திவிட்டு விரலை எடுத்தார். வெளுத்தது. மெல்லச் சிவந்தது.

"புடிச்சுக்கிச்சு. கால் தப்பிச்சிடுச்சு" என்றார். பிறகு ஏழுமலையைக் காட்டி, "இன்னும் ரெண்டு தடவை இருக்கு. எல்லார் தலையையும் நீங்க மோந்து பாருங்கம்மா. உங்க புள்ள தலையை மட்டும் இவர் மோந்து பாக்கட்டும்."