டீச்சர் வண்டியின் எர்த் வயர்

சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. டீச்சர் வண்டியில் டிரைவர் சீட்டுக்கு அடியில் அதைத் திருகி வைத்திருந்தார்கள். மெட்ராஸில் யாரோ ஒருவர் கிளட்ச் இல்லாத வெளிநாட்டு கியர்பாக்ஸை அந்தப் பழைய காரில் ஏற்றியிருந்தார். அதற்கு எப்போது எந்த கியர் என்று சொல்வது இந்தப் பெட்டிதான். இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப்போன டீச்சருக்கு கிளட்ச் மிதிக்கிற கார் ஒத்துவராது. பஸ் படி ஏற வேண்டுமென்றால் கண்டவன் கையைப் பிடிக்க வேண்டும். அந்தக் கார் வந்த பிறகுதான் உத்திரமேரூரிலிருந்து பழையசீவரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு யார் தயவும் இல்லாமல் போய்வந்தார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் கடை எனக்கு. எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்தால் போதாது, பானெட்டைத் திறந்தால் உள்ளேயும் பளபளக்க வேண்டும். அந்த வருஷம் டீச்சர் வண்டிக்கும் பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன். பேட்டரி பக்கம் கரண்டு திரும்பிப் போகிற எர்த் வயரைக் கழற்றி, துருப்பிடித்த தகட்டில் கறுப்பு அடித்து, காய்ந்ததும் அதன் மேலேயே வயரை வைத்து முடுக்கினேன். “புது வண்டியாட்டம் கீது தம்பி” என்று டீச்சர் சிரித்தார்.

ஐப்பசியில் தொல்லை ஆரம்பித்தது. எஞ்சின் சூடானதும் டாப் கியரில் மாட்டிக்கொண்டு, ஏரிக்கரை மேட்டில் இழுக்காமல் நின்றுவிடும். பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கித் தொலைப்பான். ஆறவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். மூன்றாம் முறை டீச்சரோடு அவருடைய அண்ணனும் கடைக்கு வந்தார். தங்கை கார் ஓட்டுவது முதல் நாளிலிருந்தே அவருக்கு ஆகாது.

“எஞ்சின் ஃபேன் ஓட ஆரம்பிச்சதும்தான் தம்பி நிக்குது. அதப் பாரு” என்றார் டீச்சர்.

வாசலில் மூன்று டிராக்டர் காத்திருந்தன. பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, அதில் மீட்டரை வைத்தேன். பன்னிரண்டரை வோல்ட். “கரண்டு கரெக்டா வருதுண்ணா, வயரிங்ல ஒண்ணுமில்ல” என்று அண்ணனிடம் சொன்னேன். லோடு இல்லாமல், அதாவது கரண்டை இழுக்க எதுவும் ஓடாதபோது பார்த்தால், ஒட்டியும் ஒட்டாமலும் கிடக்கிற வயர்கூட முழு வோல்ட் காட்டும். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பிளக்கை மாட்டி, ஃபேனை ஓடவிட்டு அளந்திருக்க வேண்டும். எங்கே மீட்டர் வைப்பதென்று ஒரு பொம்பளை எனக்குச் சொல்வதா என்கிற திமிர், வேறென்ன.

அண்ணனுக்கு அது போதும். “கேட்டியா? வண்டில கோளாறு இல்ல, ஓட்றவகிட்டதான் கீது. எவன் மேலயாவது ஏத்தறதுக்குள்ள வித்துடலாம்” என்றார். தை பிறப்பதற்குள் கார் கைமாறியது.

வாங்கியவர் ஒரு நெல் வியாபாரி. மாசியில் அவரும் அதே புகாரோடு வந்தார். “ஃபேன் ஓடுனா நிக்குதுப்பா” என்று ஆம்பளை சொன்னதும் மறுபேச்சில்லாமல் ஃபேனை ஓடவிட்டு அளந்தேன். ஒன்பதுக்கு இறங்கியது. ஃபேனுக்கும் பெட்டிக்கும் அதே ஒரு இடத்தில்தான் எர்த்; ஃபேன் இழுத்ததும் பெட்டிக்குக் கரண்டு பத்தாமல் கியர் மாறாது. போல்ட்டைக் கழற்றினால் அடியில் கரண்டை மறித்துக்கொண்டு நான் பூசிய பெயிண்ட். உப்புத்தாளால் சுரண்டித் தகட்டை வெளியே கொண்டுவர ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு அந்த வண்டி எங்கேயும் நிற்கவில்லை.

மறுவாரம் பஸ் ஸ்டாண்டில் டீச்சரைப் பார்த்தேன். கண்டக்டர் அக்குளில் கை கொடுத்து அவரைத் தூக்கிப் படியில் ஏற்றினான். இந்தக் காலத்தில் கிளட்ச் இல்லாத கார்கள் ஊரெல்லாம் திரிகின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நாள்தான் நினைவுக்கு வருகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்ததும் டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

“நல்லவேள வித்துட்டோம் தம்பி. எனக்கு ஓட்டவே வரல. பிள்ளைங்க மேல எங்கனா ஏத்தியிருப்பேன். அண்ணன் சொன்னதுதான் சரி.”

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் கடைப் பெயர் என்னாவது?

“ஆமா டீச்சர்” என்றேன்.