வரவேண்டிய ஆள்

அமீரகத்தின் அல் ஐனில் வாப்பாவின் தையல் கடைக்குள் நுழைந்தால், ஆட்சியாளர் படத்துக்குக் கீழே, பாலித்தீன் உறை போட்ட ஒரு வெள்ளைக் கந்தூரா தொங்கும். அரபிகள் அணியும் அந்த நீள அங்கிகளைத் தைப்பதுதான் வாப்பாவின் தொழில். மற்றவையெல்லாம் தைத்த வாரமே போய்விடும். இது மட்டும் நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அதே ஆணியில் இருந்தது. அந்த நாட்டுக்காரர்கள் வைத்துக்கொள்வதுபோலக் கழுத்திலிருந்து நீளக் குஞ்சம். யாருடையது என்று கேட்டால், "வரவேண்டிய ஆளு இன்னும் வரல" என்பார் வாப்பா. உறையில் தூசி படிந்தால் அவரே மாற்றுவார், வேறு யாரையும் தொட விடமாட்டார்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் எங்களுக்குக் கனடா விசா கிடைத்தது. வாப்பா கூடவே வந்து, பனியைப் பார்த்து இரண்டு வாரம் நடுங்கிவிட்டு, உம்மாவையும் என்னையும் அங்கே விட்டுத் திரும்பினார். வளைகுடாக் குடும்பங்கள் பலவற்றின் கதை அன்று அதுதான்: சம்பாதிக்கிறவர் வெயிலில், பெண்டு பிள்ளைகள் பனியில். கடையை ஒரு வழி பண்ணிவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். உம்மா அவருக்கென்று ஒரு குளிர்ச் சட்டையை வாங்கி அலமாரியில் மாட்டி வைத்தார்.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்தபோது வாப்பா போனில் குண்டைத் தூக்கிப் போட்டார். "வலது கையத் தூக்கி ராணிக்கு விசுவாசமா இருப்பேன்னு சத்தியம் பண்ணணுமாமுல்ல? படைச்சவனத் தவிர வேற எந்த ராஜா ராணிக்கும் என்னால கை தூக்க முடியாதும்மா. நீ படிச்ச புள்ள, உன் இஷ்டம். நான் அங்கெ வரல."

எனக்கு அழுகை வந்தது. கொஞ்சம் பெருமையும் வந்தது, அதை மறைப்பானேன். ஆனால் உம்மா அந்த வார்த்தையை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். "அவுஹ சொல்ல மாட்டேன்னத நான் மட்டும் எப்படிச் சொல்லுவேன்?" என்று தனக்கு விண்ணப்பமே போடவில்லை. நான் சத்தியம் செய்த நாளில், மண்டபத்தின் கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு மனிதர் கையைத் தூக்கினார், உதட்டை அசைக்கவில்லை. அவருக்குள்ளும் என் வாப்பா மாதிரி ஒரு கொள்கை இருக்கும் என்று நினைத்து, அன்று மனதுக்குள் வாப்பாவுக்கு ஸலாம் சொன்னேன்.

படிப்பு முடிந்ததும் புதுப் பாஸ்போர்ட்டோடு அல் ஐன் போனேன். கடைக்கு வெள்ளையடிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. வாப்பா தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், கட்டிங் மாஸ்டர் ஆணியிலிருந்து அந்தக் கந்தூராவை எடுத்து என் கையில் கொடுத்தார். விரித்துப் பார்த்தேன். வலது தோள் ஒரு விரற்கடை இறக்கி வெட்டியிருந்தது. மிஷினில் குனிந்து குனிந்து வாப்பாவுக்கு வலது தோள் இறங்கிப்போயிருந்தது. உம்மா அதைச் சொல்லிக் கேலி செய்யாத நாளில்லை. இந்த அளவு உலகத்தில் வேறு யாருக்கும் பொருந்தாது.

"தெரியாதா பாப்பா?" என்றார் மாஸ்டர். அவர் ராமநாதபுரத்துக்காரர், சூது தெரியாதவர். "பாய்க்கு இந்த ஊரு பாஸ்போர்ட் வாங்கித் தாரேன்னு அர்பாப் சொல்லிருக்காருல்ல. ஷேக்குக்கு சத்தியம் பண்ணுற அன்னிக்குப் போட்டுக்கத் தச்சது. பெருநாளைக்குப் பெருநாளு போயி கேப்பாரு. இன்ஷா அல்லா, இந்த வருசம்னு அனுப்பி வச்சிருவாரு."

அர்பாப் என்றால் கடை லைசென்ஸுக்குச் சொந்தக்காரரான அரபி, வாப்பாவின் விசாவுக்குப் பொறுப்பேற்ற கஃபீல். நான் அந்தத் துணியைப் பிடித்தபடியே நின்றேன். வாப்பா வந்தார், பார்த்தார், புரிந்துகொண்டார்.

"எந்த ராஜாவுக்கும் மாட்டேன்னீங்களே வாப்பா?"

"இது வேறம்மா. இங்கெ முப்பது வருசம் உழச்சிருக்கேன். கெடச்சா உங்களயும் கூட்டிக்குவேன்."

கை தூக்கவே மாட்டேன் என்று உண்மையாகச் சொல்கிற மனிதருக்கு நான் தலை வணங்குவேன். வாப்பாவோ இன்னொரு வாசலில் கையைத் தூக்கியபடி காத்திருந்தார். அதை மறைக்க இறைவனை இழுத்தாரே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அந்தச் சொல்லை நம்பி ஒருத்தி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த ஆண்டே அர்பாப் இறந்தார். அவருடைய மகன்களுக்குக் கடை இடம் வேண்டியிருந்தது. 'தீர்ந்தது' என்று அர்த்தப்படும் கலாஸ் என்ற ஒரே அரபிச் சொல்லில் வாப்பாவின் விசா முடிந்தது. அங்கே வசிக்காமலே விட்டதில் கனடாக் கதவும் அதற்குள் சாத்தப்பட்டிருந்ததால் சொந்த ஊரான கீழக்கரைக்குத் திரும்பினார். உம்மாவும் நானும் பார்க்கப் போனோம். கடையில் பார்த்ததை நான் உம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை. வாப்பாவின் பெட்டியைத் திறந்த உம்மா கந்தூராவை உதறினார், தோளை விரலால் தடவினார். தையல்காரர் பெண்டாட்டிக்கு அளவு தெரியாதா? வாப்பாவை உட்காரவைத்துக் கேட்டு, முழுக் கதையையும் வாங்கிவிட்டார். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "எனக்கு மட்டும் ஏன் அல்லாஹ் பேரச் சொன்னியஹ?" மாதம் முடிந்து நாங்கள் திரும்பியபோது அந்தக் கந்தூரா உம்மாவின் பெட்டியில் வந்தது.

இத்தனை வருடம் கழித்து, போன மாதம் உம்மா சத்தியம் செய்தார். இப்போது கனடாவுக்கு ராணி இல்லை, ராஜா. முதல் வரிசையில் நின்று, மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னார். தலையில் முக்காடாகப் புது வெள்ளை மக்கனா. கிட்டே போனபோதுதான் கவனித்தேன், ஓரத்தில் கழுத்துக் குஞ்சம் பிரித்த ஊசித் துளைகள்.

அன்று வாப்பா ஊரிலிருந்து போன் செய்தார். வாழ்த்துச் சொன்னார். பிறகு தயங்கி, அந்த வெள்ளைக் கந்தூரா பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார். நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா மக்கனாவைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் மடித்துக்கொண்டிருந்தார்.

"வரவேண்டிய ஆளு வந்து வாங்கிட்டுப் போயிட்டாஹன்னு சொல்லு" என்றார்.