படகுக்கு எத்தனை பேர்?

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பெங்களூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தார். அந்தக் காலத்துப் பாலக்கோட்டில் அதை யாருக்கும் விளக்கிச் சொல்லிவிட முடியாது. தக்காளி மண்டி வைத்திருந்த அப்பா, கேட்டவர்களிடமெல்லாம் "டைப் அடிக்கிற மாதிரி ஒண்ணுங்க" என்று சுருக்கமாக முடித்துக்கொள்வார்.

ஒரு தசரா விடுமுறைக்கு மாமா ஒரு கம்ப்யூட்டர் பெட்டியையே மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்துவிட்டார். எங்கள் கறுப்பு வெள்ளை டிவியில் ஒயரைச் செருகி, டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டால், அது கொஞ்ச நேரம் காது கிழியக் கத்திவிட்டு ஒரு தீவைக் காட்டும். சினிமா போடுகிறார்கள் என்று நம்பி வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள், கட்டங்கட்டமாக நின்ற தீவைப் பார்த்து முணுமுணுத்தபடி எழுந்து போனார்கள்.

விளையாட்டை எழுதியதே மாமாதான். தீவில் நூறு பேர். வருஷா வருஷம் டிவி மூன்று கேள்வி கேட்கும். வயலுக்கு எத்தனை பேர், களஞ்சியம் கட்ட எத்தனை பேர், படகு கட்ட எத்தனை பேர். கிழக்கே இன்னொரு தீவு வெறும் கறுப்புச் சதுரமாகத் தெரியும். அங்கே என்ன இருக்கிறது என்று மாமா சொல்லமாட்டார். முதல் இரண்டு வருஷம் என்ன செய்கிறோமோ அதில்தான் எல்லாமே இருக்கிறது என்பார்.

எனக்கு அப்போது ஐந்தாம் வகுப்பு. என் கணக்கு சுலபமானது. முதலில் அத்தனை பேரையும் வயலுக்கு அனுப்பிவிட வேண்டும். சோற்றுக்கே வழியில்லாதவனுக்குப் படகு ஒரு கேடா? பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்த அக்காவோ, எடுத்த எடுப்பிலேயே பாதிப் பேரைப் படகுக்கு ஓட்டிவிடுவாள். மூன்றாம் வருஷம் பஞ்சம் வரும். படகு நடுக்கடலில் நிற்க, இங்கே ஜனங்கள் ஒருவர்விடாமல் செத்துப்போவார்கள். உடனே முதலிலிருந்து தொடங்குவாள். ஆட்களைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பாளே தவிர, படகை மட்டும் விடமாட்டாள். ஒருமுறை அந்தக் கரைக்கு ஒரே ஒரு கட்டம் பாக்கி இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. அக்கா அழுதேவிட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது அந்தக் கரண்டை நினைத்தாலே எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மாமா சிரிக்கவில்லை. "இவளுக்கு இது நல்லா வருதுக்கா" என்று அம்மாவிடம் சொன்னார். பெங்களூரில் கம்ப்யூட்டர் படிப்பு ஒன்று இருக்கிறது, ஒரு வருஷம்தான், என் வீட்டிலேயே தங்கிப் படிக்கட்டும் என்றார். அதற்குப் பிறகு அக்காவின் நடையே மாறிவிட்டது. யாரும் சொல்லாமலே பாத்திரம் கழுவினாள். என்னைக்கூட அடிக்கவில்லை.

ஆயுத பூஜையன்று அப்பா மண்டித் தராசோடு சேர்த்துக் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி கடலை படைத்தார். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. அக்கா நாள் முழுக்க அதையே சுற்றிச்சுற்றி வந்தாள். மறுநாள் விஜயதசமி. படிப்பு தொடங்க நல்ல நாள் என்று மாமா அன்றைக்குத்தான் அப்பாவிடம் வாயைத் திறந்தார்.

அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அம்மாவாவது சமாதானம் செய்திருப்பாள்.

"நீ கட்டிக்கிற முறை, மாப்ள. நீயோ ஒண்டிக்கட்டை. உன் வூட்ல வயசுப் பொண்ண எப்படி விடறது? ஊர்ல என்ன பேசுவாங்க? படிக்க வெக்கணும்னா தாலியக் கட்டிக் கூட்டிட்டுப் போ."

"நான் தூக்கி வளத்த புள்ளைங்க, மச்சான்" என்றார் மாமா. ஹாஸ்டல் என்று அம்மா இழுத்ததை அப்பா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பாப்பாரப்பட்டியில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் பெண் கேட்கிறார்கள், தையில் முடித்துவிடலாம் என்று பேச்சை மாற்றினார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அதே மனிதர் எங்களுக்குச் சித்தப்பாவாகப் பிறந்திருந்தால், அன்று சாயங்காலமே அவள் பெட்டி கட்டியிருப்பாள். மாமாவாகப் போய்விட்டார். இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அதில் மனசு ஆறவில்லை.

சாயங்காலம் அக்கா டிவி முன்னால் வந்து உட்கார்ந்தாள். பட்டன்களில் முந்தின நாள் குங்குமம் ஒட்டியிருந்தது. வயலுக்கு நூறு பேர் என்று அடித்தாள். படகுக்குப் பூஜ்யம். அடுத்த வருஷம் களஞ்சியத்துக்குக் கொஞ்சம் பேரைப் பிரித்தாள். படகுக்குப் பூஜ்யம். களஞ்சியம் நிறைந்தது, ஜனங்கள் பெருகினார்கள், ஒருத்தர்கூடச் சாகவில்லை. கறுப்புச் சதுரம் மூலையில் அப்படியே இருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இப்பத்தான்க்கா உனக்கு வெளையாடவே தெரிஞ்சிருக்கு!" என்று குதித்தேன்.

"ஆமாண்டா" என்றவள், அடுத்த வருஷத்துக்கும் பூஜ்யம் அடித்தாள்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமா வெளியே போய்விட்டார். தான் எழுதிய ஆட்டத்தை அக்கா ஜெயித்துவிட்டாளே என்று அவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.