ஊரைச் சுற்றிப் போன தப்பு

உச்சியைப் பார்க்காமலே மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். முன்னால் இரண்டு பிஜியர்கள், கணுக்கால் பிசகிய கோபால் அண்ணனை மூங்கிலில் கட்டிய கம்பளியில் தூக்கிப் போனார்கள். அவர் மனைவிக்குச் சிறுநீரகம் பழுது. அண்ணியைப் போன்ற நோயாளிகளின் சிகிச்சைக்குப் பணம் திரட்டத்தான் ஏறினோம். உச்சியில் எடுத்த படத்தைக் காட்டினால்தான் தவுவா நகரக் கடைக்காரர்கள் நன்கொடை தருவார்கள்.

தப்பு என்னுடையது. மலையடி ஊரில் தலைவர் முன் இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேரை வைத்து அனுமதி கேட்பது இங்கே பிஜியில் வழக்கம். வேர்க்கட்டு என் பையிலேயே இருந்தது. ஆனால் இந்தியர் ஆதரித்த ஆட்சியை ராணுவம் கவிழ்த்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. எங்கள் இந்திய ஆட்கள் வீட்டை விற்று நாட்டைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். ஊர் ஊராய்த் திரிந்த எனக்கே பிஜியர் ஊருக்குள் நுழையப் பயம்.

"ஊரைச் சுத்திப் போயிடலாம், அண்ணே" என்றேன்.

மழையில் வழி தவறினோம். அண்ணன் வழுக்கி விழுந்தார். எங்கள் கூச்சல் கேட்டு வந்தவர்கள் அந்த ஊர்க்காரர்களே.

"பின்பக்கமா ஏன் போனீங்க? கோழி திருடவா?" என்று ஊருக்கு வந்ததும் தலைவர் பிஜி இந்தியில் கேட்டார். வலியிலும் அண்ணன் சிரித்துவிட்டார். நனைந்த வேர்க்கட்டைத் தலைவர் முன் வைத்தேன்.

"என் தோட்டத்துல களை மண்டிக் கிடக்கு. எடுத்துக் கொடு. என் ஆள் உன்னை உச்சிக்குக் கூட்டிப் போவான்" என்றார் தலைவர்.

இப்போதெல்லாம் எந்த ஊரானாலும் முன்வழியாகப் போய், உட்கார்ந்து அனுமதி கேட்ட பிறகே அடுத்த அடி வைக்கிறேன். அன்று இரவு அங்கேயே தூங்கினேன். மறுநாள் காலை களைவெட்டியோடு அவர் தோட்டத்தில் இறங்கினேன்.